படிவத்தில் அச்சடித்திருந்த பத்தொன்பது

எழுபதுகளில் மெல்பேர்ணில் தைவான்காரர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சரியான எண்ணிக்கை தெரியாது. அவர்களுடைய கோப்புகள் என் மேசைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலுமாரியில் அரைத் தட்டைத்தான் பிடித்தன என்பது மட்டும் தெரியும். கிரேக்கருக்கு ஒரு சுவர் முழுக்க அலுமாரிகள். இத்தாலியருக்கு இன்னொரு சுவர். தைவானுக்கு அரைத் தட்டு. மீதி அரைத் தட்டில் நாங்கள் தேத்தண்ணி குடிக்கும் பீங்கான்களை அடுக்கியிருந்தோம்.

நான் குடிவரவு அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், கவுண்டர் எழுதுவினைஞன். குடிவரவு விண்ணப்பங்களை வாங்கி, நிரப்பி, சரிபார்த்து மேல்மாடிக்கு அனுப்புவது வேலை. தீர்மானம் எடுப்பவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். கொழும்பில் எட்டு வருடம் அரசாங்க எழுதுவினைஞர் சேவையில் இருந்துவிட்டு வந்தவனுக்குப் படிவங்கள் புதிதல்ல. அங்கே நீல மை, இங்கே கறுப்பு மை, அவ்வளவுதான் வித்தியாசம். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை பிரதி, எதற்குச் சமாதான நீதவானின் கையொப்பம் வேண்டும், எந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம், எதை விட்டால் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும் என்பதெல்லாம் சேர்ந்த ஆறு மாதத்தில் எனக்கு மனப்பாடம். கூட வேலை செய்தவர்கள் விதிமுறைப் புத்தகத்தைத் திறக்காமல் என்னைக் கேட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால், கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

நாடுகளின் பெயர் விஷயத்திலும் எனக்கு அனுபவம் உண்டு. நான் கொண்டுவந்த கடவுச்சீட்டின் அட்டையில் சிலோன் என்று இருந்தது. விமானம் ஏறுவதற்குச் சில வாரம் முன்பு அந்த நாடு ஸ்ரீலங்கா ஆகிவிட்டது. இல்லாத நாட்டின் கடவுச்சீட்டோடு வந்து இறங்கினேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

தைவான்காரரின் நிலைமை நேர்மாறு. அவர்களுடைய நாடு பெயரை மாற்றவில்லை, கன்பராதான் மனத்தை மாற்றியது. எழுபத்திரண்டு கடைசியில் வந்த புதிய ஆஸ்திரேலிய அரசாங்கம் தைவானை விட்டுப் பீக்கிங்கைச் சீனாவின் அரசாக அங்கீகரித்தது. தைவானின் தூதரகம் மூடப்பட்டது. அதுவரை கடவுச்சீட்டாக இருந்த புத்தகத்தில் இனிமேல் விசா முத்திரை குத்தக்கூடாது, தனித் தாளில்தான் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். நாட்டுரிமைக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைத் திருத்தி இன்னொன்று வந்தது. படிக்க வந்த சில மாணவர்கள், இரண்டு மூன்று பொறியியலாளர்கள், ஆஸ்திரேலியரைக் கட்டிக்கொண்டு வந்த சில பெண்கள், இவர்கள்தான் அந்த அரைத் தட்டு. ஒரு கடதாசியில் தங்கள் நாட்டின் முத்திரை வேண்டுமென்றால் போய் நிற்பதற்கு அவர்களுக்கு இந்தக் கண்டத்தில் ஒரு வாசல் இல்லை. ஆகவே எங்கள் கவுண்டரில் வந்து நின்றார்கள்.

எழுபத்துமூன்று நவம்பரில் ஒரு மதிய வேளை அப்படி வந்து நின்றவர்களில் ஒருவர் அந்தப் பெண். இருபத்தைந்து வயது. மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. சட்டையில் அடையாள அட்டையைக் கழற்ற மறந்து ஓடி வந்திருந்தார். படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் அதே மருத்துவமனையில் வேலை கிடைத்து, தங்குவதற்கும் அனுமதி பெற்றவர். இப்போது கணவனை அழைக்க வேண்டும். கணவன் தைவானின் தெற்கில் ஒரு நகரத்தில் பள்ளிக்கூட ஆசிரியர்.

கடதாசிகளை ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எனக்கு வாசிக்க வசதியாகத் திருப்பி வைத்தார். அப்போதே எனக்கு அவர் மேல் மதிப்பு வந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் கத்தையாகத் தள்ளுவார்கள். கடவுச்சீட்டு, படங்கள், தைவானின் குடும்பப் பதிவேட்டுப் பிரதி ஒன்று. அவர்கள் நாட்டில் பிறப்பு, கலியாணம், சாவு எல்லாவற்றையும் வீட்டுக்கு வீடு ஒரே பதிவேட்டில் எழுதுவார்கள். அந்தப் பிரதியே எல்லாவற்றுக்கும் அத்தாட்சி. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் லிற்றில் பேர்க் வீதியில் இருந்த ஒரு வயதான சீனர். அவர் பேசியது கன்ரனீஸ் என்ற சீனம், இந்தப் பெண் பேசியது வேறு சீனம். இரண்டு பேரும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமல், ஒரு மணித்தியாலம் கடதாசியில் எழுதி எழுதிக் காட்டியே வேலையை முடித்தார்களாம். அதைச் சொல்லி அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அது விதிமுறைப்படி என் வேலையல்ல. ஆனால் நான் நிரப்பினால் ஏழு நிமிடம், மற்றவர்கள் நிரப்பினால் இருபது. பிறந்த திகதியைக் கடவுச்சீட்டின் ஆங்கிலப் பக்கத்தில் பார்த்து எழுதினேன். 1948. திருமணத் திகதிக்கு மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். அறுபதாம் ஆண்டு, மூன்றாம் மாதம், பதினான்காம் நாள். எங்கள் படிவத்தில் ஆண்டுக்கான இடத்தில் 19 என்று முன்பே அச்சடித்து, பக்கத்தில் இரண்டு இலக்கத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் 60 என்று எழுதினேன். என் கையெழுத்து அழகானது. அந்த அறுபதும் அழகாகவே இருந்தது.

அவர் வாயைத் திறந்தார். கை கொஞ்சம் உயர்ந்தது. "இங்கே கையொப்பம்," என்று விரலை வைத்தேன். கையொப்பத்துக்கு மேலே, கூறியதெல்லாம் உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அவர் அதை நிதானமாக வாசித்தார். பிறகு கையொப்பம் வைத்தார்.

என் மனைவி அதே மருத்துவமனையில் தட்டெழுத்தாளர். அவரும் அந்தப் பெண்ணும் சாப்பாட்டறையில் பழக்கமானதற்குக் காரணம் சோறு. மற்றவர்கள் எல்லோரும் பாண் ரொட்டித் துண்டுகளோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் மூடியைத் திறந்ததும் சோறு மணக்கும் பெட்டிகள் இரண்டுதான் இருந்தனவாம். அந்த வருட முடிவுக்குள் அவர் என் மனைவியை "அக்கா" என்று கூப்பிடப் பழகிவிட்டார்.

அவருடைய கணவனின் விண்ணப்பம் என் கையால் போனது என்று தெரிந்த நாளிலிருந்து, கோப்புகளைப் பற்றி வீட்டில் கதைக்கக்கூடாது என்று மனைவிக்கு அறிவித்தேன். அது விதிமுறை.

"நான் கோப்பைப் பற்றிக் கதைக்கேல்லை. அந்தத் தைவான் பிள்ளையைப் பற்றித்தான் கதைக்கிறன்," என்றார் மனைவி.

"பிள்ளை கோப்புக்குள்ள இருக்கு. இரண்டும் ஒண்டுதான்."

"உங்களோட வாழுறதுக்கு எனக்கும் ஒரு படிவம் தந்திருக்கலாம்."

சனவரியில் அந்தப் பெண் எங்களுக்கு ஒரு கலண்டர் கொடுத்தார். கணவன் தைவானிலிருந்து அனுப்பியது. அரிசி ஆலை ஒன்றின் விளம்பரக் கலண்டர். மலை, ஏரி, அதற்கு மேலே பெரிய சிவப்பு இலக்கத்தில் 63. ஒவ்வொரு திகதிக்குக் கீழும் சின்னச் சின்னச் சீன எழுத்துகள். மனைவி அதை அடுப்புக்கு மேலே குசினிச் சுவரில் மாட்டினார்.

"இஞ்சேருங்கோ, இது அறுபத்துமூண்டாம் ஆண்டுக் கலண்டர். எழுபத்துநாலில தந்திருக்கிறா."

நான் பார்த்தேன். சனவரி முதலாம் திகதி செவ்வாய். 1974-இலும் செவ்வாய்தான். உடனே விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். பதினொரு வருடம், நடுவில் மூன்று லீப் வருடம், ஆக மொத்தம் பதினான்கு நாள், இரண்டு முழுக் கிழமை. ஆகவே 1963-இன் கலண்டர் 1974-க்கு அப்படியே பொருந்தும். இதை மனைவிக்கு ஒரு கால் மணித்தியாலம் விளக்கினேன். பழைய கலண்டரை எறியாமல் பதினொரு வருடம் பத்திரப்படுத்தி, சரியான வருடத்தில் திரும்ப எடுத்து மாட்டும் சிக்கனமான மக்கள் என்று தைவான்காரரைப் பாராட்டினேன். கந்தோரிலும் இரண்டு பேருக்குச் சொன்னேன்.

கணக்கு முற்றிலும் சரி. இன்றைக்கும் யாரும் போட்டுப் பார்க்கலாம். என் வாழ்க்கையில் இவ்வளவு சரியான கணக்கைப் போட்டு இவ்வளவு பெரிய முட்டாளாக நான் வேறு ஒருமுறையும் இருந்ததில்லை.

பெப்ரவரி முதல் கிழமை. வேலை முடிந்து வந்தபோது மனைவி குசினிக் கதிரையில் கைப்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வெளியில் இன்னும் நல்ல வெயில்.

"உங்கட கந்தோர் ஆக்கள் அந்தப் பிள்ளைக்கு என்ன எழுதியிருக்கினம் தெரியுமோ?"

"கோப்புகளைப் பற்றி..."

"பன்னிரண்டு வயசில கலியாணம் கட்டினவளாம்! இதை விளக்கு எண்டு கடிதம். வாசிச்சுப் போட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைச்சிட்டா. ஒரு வாய் சாப்பிடேல்லை."

நான் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினேன். மேல்மாடிக்காரர் காரணமில்லாமல் எழுத மாட்டார்கள், திகதிகளில் ஏதோ முரண்பாடு இருக்கும், ஒரு விளக்கக் கடிதமும் தன் நாட்டுத் தூதரகத்தின் உறுதிப்படுத்தலும் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று சொன்னேன்.

"எந்தத் தூதரகம்?"

கழற்றிய சப்பாத்தை ஓரமாக வைத்தேன்.

"அவவின்ர மனுசனுக்கு அவையின்ர அரசாங்கம் நாட்டைவிட்டு வெளிக்கிடக் குடுத்த அனுமதி மார்ச் முடியமட்டும்தானாம்," என்றார் மனைவி. "பட்டாளச் சேவை முடிச்சு, பள்ளிக்கூடத்தில விடுதலை வாங்கி, ஆரார் காலிலையோ விழுந்து, ரெண்டு வருசம் திரிஞ்சு எடுத்ததாம். மார்ச் தாண்டினா முதலிலையிருந்து. திருப்பிக் குடுப்பினமோ தெரியாதாம்."

மார்ச் முடிய ஏழு கிழமை இருந்தது. எங்கள் கந்தோரில் ஒரு முரண்பாடு தீர எடுக்கும் நேரம் எனக்குத் தெரியும். பதில் எழுத ஒரு தூதரகமே இல்லாத முரண்பாட்டுக்கு எவ்வளவு எடுக்கும் என்றும் ஊகிக்க முடியும். அது முடியவே முடியாது. கோப்பு "பதில் எதிர்பார்க்கப்படுகிறது" என்ற தட்டுக்குப் போகும். அந்தத் தட்டிலிருந்து எதுவும் இறங்கி நான் பார்த்ததில்லை.

மனைவி எழுந்து எனக்கு மட்டும் சாப்பாடு எடுத்து வைத்தார்.

"உமக்கு?"

"இண்டைக்குப் பூரணை. விரதம்."

"இந்த வருசப் பஞ்சாங்கம்தான் ஊரில இருந்து இன்னும் வரேல்லையே. பூரணை எண்டு என்னெண்டு தெரியும்?"

"இந்தக் கலண்டரில பாத்தனான். திகதிக்குக் கீழ இருக்கிற சின்ன எழுத்தெல்லாம் பிறைக் கணக்கு. அந்தப் பிள்ளை காட்டித் தந்தவ. அவையின்ர புதுவருசமும் அமாவாசையோடதானே வாறது, போன மாதம் இருபத்துமூண்டாம் திகதி லீவு எடுத்து அரிசிப் பலகாரம் செய்து கொண்டுவந்தவ. அந்தத் திகதி இதில சிவப்பா இருக்கு, பாருங்கோ."

சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.

இதை விளங்கிக்கொள்ள இலங்கையில் அந்தக் காலத்தில் அரசாங்க எழுதுவினைஞனாக இருந்திருக்க வேண்டும். அறுபதுகளின் நடுவில் எங்கள் அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை எடுத்துவிட்டு, பௌத்தர்களின் போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. பூரணை, அமாவாசை, இரண்டு அரைப்பிறை. சில கிழமைக்கு ஆறு வேலை நாள், சில கிழமைக்கு ஐந்து. ஐந்து வருடம் கந்தோரின் வரவுப் பதிவேட்டுக்கு நிலவைப் பார்த்துக் கோடு போட்டவன் நான். கிழமைகள் பதினொரு வருடத்தில் பொருந்தலாம், நிலவு பொருந்தாது என்பது எனக்கு நித்திரையிலும் தெரியும். 1963-இல் அச்சடித்த கலண்டருக்கு 1974-இன் பூரணை தெரிந்திருக்க முடியாது.

ஆகவே அது பழைய கலண்டர் அல்ல. இந்த வருடத்தின் கலண்டர். தைவான்காரருக்கு இந்த வருடம் அறுபத்துமூன்று. அவர்கள் தங்கள் குடியரசு தொடங்கிய 1912-ஐ ஒன்று என்று வைத்து எண்ணுகிறார்கள். அறுபத்துமூன்று என்றால் எழுபத்துநான்கு. அறுபது என்றால் எழுபத்தொன்று. அந்தப் பெண் 1971-இல், இருபத்துமூன்று வயதில், ஒழுங்காகக் கலியாணம் கட்டியிருக்கிறார். 1960-இல் கட்டி வைத்தது என் கறுப்பு மை.

வருடத்துக்கு விரோதி, விகாரி, துன்மதி என்று பெயரே வைத்து அறுபது முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து தொடங்கும் இனத்தில் பிறந்தவன் நான். உலகத்தில் எல்லோரும் பத்தொன்பதில்தான் தொடங்குவார்கள் என்று ஒரு அச்சகம் சொன்னதை நம்பியிருக்கிறேன்.

"ஏன், சோத்துக்கு உப்புக் காணாதோ?" என்றார் மனைவி.

"பிழை விட்டது மேல்மாடி இல்லை," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் படிவங்கள் பிடிக்காதே தவிர, என் முகம் நன்றாக வாசிக்க வரும்.

"நாளைக்குப் போய்ச் சொல்லுவியளோ?"

சுலபமான கேள்விதான். ஆனால் நான் அப்போது தகுதிகாண் காலத்தில் இருந்தேன். முதல் வருடம் முடியும்போது மேலதிகாரி அறிக்கை எழுதுவார், நன்றாக இருந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. என் வருடமும் அதே மார்ச்சில்தான் முடிந்தது. "சொல்லத்தானே வேணும்," என்றேன். சொன்ன விதம் அவருக்குத் திருப்தி தரவில்லை என்று தெரிந்தது.

அடுத்த நாள் கோப்பை மேல்மாடியிலிருந்து எடுப்பதற்கு வேண்டுகோள் சீட்டு நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் "சரிபார்த்தல்" என்று எழுதினேன். பொய்யில்லை. கோப்பு வந்தது. என் அறுபது அப்படியே பளிச்சென்று இருந்தது. அதே பேனா என் சட்டைப் பையில் இருந்தது. ஆறை ஏழாகவும் பூச்சியத்தை ஒன்றாகவும் மாற்றுவது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் பிளேடால் ஒரு சுரண்டல், ஒரு கோடு, எட்டு வருட அனுபவத்துக்கு அது பெரிய வேலையல்ல. ஆனால் கடிதம் ஏற்கெனவே போய்விட்டது. அதன் பிரதி கோப்பிலேயே கோத்திருந்தது. கோப்பில் எண்ணை மாற்றினால் பொய்யாகக் கையொப்பம் வைத்தவர் அந்தப் பெண் என்றுதான் ஆகும். நான் யோக்கியன் என்பதால் பேனாவை எடுக்கவில்லை என்று எழுத ஆசைதான். அன்றைக்கு முதலில் நினைத்தது இந்தக் காரணத்தை.

மேலதிகாரி பெரிய உடம்புக்காரர், இராணுவத்திலிருந்து வந்து இருபது வருடமாக அதே கதிரையில் இருப்பவர். மேசையிலேயே சாப்பிடுவார். எல்லோரையும் மேட் என்று, அதாவது தோழா என்று, கூப்பிடுவார். கோப்பை அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன கோளாறு, மேட்?"

"இதில் ஒரு பிழை. நான் விட்டது."

அவர் சான்ட்விச்சைக் கீழே வைத்தார். அவர் அதைப் பாதியில் வைத்து அன்றுதான் பார்த்தேன்.

"நீயா? விதிமுறைப் புத்தகத்துக்கே விதிமுறை சொல்லிக் கொடுப்பவனா?"

விளக்கினேன். அவர் மொழிபெயர்ப்பை எடுத்து வாசித்தார். "இந்தச் சைனாக் கிழவர் மேல் போட்டுவிடலாமே. அவருக்கு என்ன நட்டம்?"

"அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அறுபதாம் ஆண்டு என்று மட்டும். முன்னால் பத்தொன்பது அவர் போடவில்லை."

"நீயும் போடவில்லை. அச்சகம் போட்டது."

"அறுபது நான் போட்டது."

"உன் அறிக்கை அடுத்த மாதம் எழுத வேண்டும், தெரியுமா?"

"தெரியும்."

அவர் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். "சரி. இந்த அறுபத்துமூன்று, எழுபத்துநான்கு விளையாட்டுக்கு என்ன அத்தாட்சி?"

"என் குசினிச் சுவரில் ஒரு கலண்டர் இருக்கிறது."

"குசினிக் கலண்டரைக் கோப்பில் கோக்க முடியாது, மேட். விதிமுறை என்ன சொல்கிறது? நீதானே சொல்வாய்."

"வழங்கிய நாட்டின் தூதரகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்."

அவர் சான்ட்விச்சைத் திரும்ப எடுத்தார். அப்போதுதான் எனக்கு அந்தப் பெண்ணின் கடவுச்சீட்டு நினைவுக்கு வந்தது. நான் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் பார்த்திருந்தேன். எதிர்ப் பக்கத்தில் சீனத்தில் ஏதோ நிறைய இருந்தது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். மறுநாள் மதியம் அதே பிளாஸ்டிக் உறையோடு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. தண்டனை ஏதோ சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் கதிரை போட்டு உட்கார வைத்தேன். அதுவும் விதிமுறையில் இல்லை. கடவுச்சீட்டைத் திறந்தோம். ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் வழங்கிய திகதி 1971. எதிர்ப் பக்கத்தில் அதே திகதி சீன எழுத்தில். எனக்காக ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தார். குடியரசின் அறுபதாம் ஆண்டு.

ஒரே புத்தகம், ஒரே நாள், இரண்டு கணக்கு. எந்தக் கலண்டரும் தூதரகமும் தேவையில்லை. அரசாங்கம் ஏற்க மறுத்த புத்தகம்தான் ஒரே அத்தாட்சி.

"நான் பிழையாக எழுதினேன்," என்றேன். "நீங்கள் அன்றைக்குப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"ஏன் சொல்லவில்லை?"

அவர் என் பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கள் ஊரில் அதிகாரி எழுதிக்கொண்டிருக்கும்போது நாங்கள் பேசுவதில்லை. பிறகு வீட்டுக்குப் போய் நினைத்தேன், திரும்பி வந்து சொல்லலாம் என்று. ஆனால் எல்லாம் உண்மை என்று கையொப்பம் வைத்துவிட்டேனே. உண்மையில்லை என்று சொன்னால் நான்தானே குற்றவாளி."

கொழும்பில் என் மேசைக்கு முன்னால் எட்டு வருடம் நின்றவர்களின் முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. பிறந்த இடத்தைப் பிழையாக எழுதினாலும் "ஓம் ஐயா" என்று தலையாட்டியவர்கள். அவர்களில் எத்தனை பேரை நான் எத்தனை ஊரில் பிறக்க வைத்தேனோ தெரியாது. இங்கே வந்து இறங்கியபோது நானும் அப்படித்தான் நின்றேன். கவுண்டருக்குப் பின்னால் ஏறியதும் மறந்துவிட்டேன்.

கடவுச்சீட்டின் இரண்டு பக்கங்களையும் பிரதியெடுத்து மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் தலையைச் சொறிந்தார். "இந்தப் புத்தகத்தை நாம் அங்கீகரிக்கக்கூடாது."

"அங்கீகரிக்கவில்லை. வாசிக்கிறோம்."

அவர் சிரித்துவிட்டார். "அவர்கள் அரசாங்கத்தை ஏற்காதே என்றுதான் சொன்னார்கள். அவர்களுடைய கூட்டல் கணக்கை ஏற்காதே என்று யாரும் சொல்லவில்லை. எழுது. முழுக்க எழுது. யார் பிழை என்பதையும் எழுது, இல்லாவிட்டால் மேல்மாடி நம்பாது."

எழுதினேன். எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு ஒரு படிவம் இருந்தது. பிழை விட்ட அலுவலர் யார், ஏன் நேர்ந்தது, யார் கண்டுபிடித்தார் என்று மூன்று கட்டம். முதல் கட்டத்தில் என் பெயர். இரண்டாவதில் "விண்ணப்பதாரர் பேச முனைந்தபோது கேட்கவில்லை" என்று எழுதினேன். மூன்றாவதில் என் மனைவியின் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும். அதற்கு விதிமுறை இடம் தரவில்லை.

மேலதிகாரி அந்தக் கோப்பைத் தானே மேல்மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் கடிதம் வாபஸ் பெறப்பட்டது. தைவானில் ஆஸ்திரேலிய அலுவலர் யாரும் இல்லாததால் கடதாசிகள் ஹொங்கொங் வழியாகப் போய், கணவனுக்கு ஒரு தனித் தாளில் விசா கிடைத்தது. மார்ச் நடுவில். பதினாறு நாள் மிச்சம்.

என் அறிக்கையும் மார்ச்சில் வந்தது. "அறிவு மிகச் சிறப்பு. கவனம் போதாது. தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீடிக்கப்படுகிறது." மேலதிகாரி அதைக் கொடுத்துவிட்டு, "இதைவிடக் குறைக்க முடியவில்லை, மேட்," என்றார். அந்தத் தாளை நான் ஓய்வுபெறும்வரை வைத்திருந்தேன். படிவத்திலிருந்து 19-ஐ எடுத்துவிடும்படி அந்த வருடமே ஒரு யோசனை எழுதிக் கொடுத்தேன். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. நூற்றாண்டு முடிந்தபோது, வேறு வழியில்லாமல், எடுத்தார்கள்.

மார்ச் கடைசிக் கிழமையில் ஒரு சனிக்கிழமை காலை துல்லமரீன் விமான நிலையத்துக்கு மூன்று பேரும் போனோம். அந்தப் பெண் என் மனைவியைத்தான் கூப்பிட்டார். நான் கார் ஓட்டுபவனாகப் போனேன். ஹொங்கொங் விமானம் இறங்கியது. ஆட்கள் வந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், போனார்கள். அரை மணித்தியாலத்தில் கதவு சும்மா இருந்தது. கணவன் வரவில்லை.

சுங்கத்தில் உணவுப் பொருள் இருந்தால் எவ்வளவு நேரம் எடுக்கும், தனித் தாள் விசாவைப் பார்த்துப் பழக்கமில்லாத அலுவலர் யாரைக் கேட்க வேண்டும், அவர் யாரைக் கேட்க வேண்டும் என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

"கொஞ்சநேரம் வாயை மூடிக்கொண்டு இருங்கோ," என்றார் மனைவி. அந்தப் பெண்ணின் கையை அவர் பிடித்திருந்தார். இரண்டு பேரின் விரல்களும் வெளுத்திருந்தன.

ஒரு மணித்தியாலம் ஆனது. கதவு திறந்தது. மெலிந்த மனிதர் ஒருவர், ஒரு தோல் பெட்டியும் கயிற்றால் கட்டிய ஒரு அட்டைப் பெட்டியுமாக வெளியே வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். அந்தப் பெண் ஓடவில்லை. நடந்தே போய் அவர் முன்னால் நின்றார். இரண்டு பேரும் தொடக்கூட இல்லை. கணவன் ஏதோ சொன்னார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார், பிறகு அழுதார், திரும்பவும் சிரித்தார்.

எங்களிடம் வந்து மூச்சு வாங்கியபடி சொன்னார். "விமானத்தில் கொடுத்த வருகை அட்டையில் பிறந்த ஆண்டுக்கு 19 என்று அச்சடித்திருந்ததாம். இவர் பக்கத்தில் 33 என்று எழுதிவிட்டார். விசாத் தாளில் 1944. பதினொரு வயது கூடிய ஆள் யார் என்று உள்ளே நிற்க வைத்துக் கேட்டார்களாம்."

அவருக்கு விளக்கம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

அவர் கணவன் பக்கம் திரும்பித் தங்கள் பாஷையில் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அந்த மனிதர் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துத் தலையைத் தாழ்த்தினார்.

"என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்கள் கலியாண வருடத்தைத் திருத்தித் தந்தவர் இவர்தான் என்று சொன்னேன்."

"பிழையாக எழுதியதும் நான்தான் என்று அவருக்குத் தெரியாதா?"

"அதை நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை," என்றார். "இனி எழுதவும் தேவையில்லை. இவர் வந்துவிட்டார்."

"அவ எழுதாட்டி என்ன," என்றார் என் மனைவி, அட்டைப் பெட்டியை என் கையில் தந்துகொண்டு. "கார் வரைக்கும் நடக்கத்தானே வேணும். நான் சொல்லுறன்."

சொன்னார். கார் நிறுத்துமிடம் வரைக்கும், ஒன்றும் விடாமல், பழைய கலண்டர் பற்றி நான் கொடுத்த விளக்கம் உட்பட. அந்த மனிதருக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதிக்கே நின்று நின்று சிரித்தார். நான் அட்டைப் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். கனமாக இருந்தது. என்ன இருக்கிறது என்று கேட்டேன். பள்ளிக்கூடப் புத்தகங்களும், அந்த அரிசி ஆலையின் கலண்டர்கள் ஆறும் என்றார் அந்தப் பெண்.